பாரூத் சுவரின் ஐந்தாவது கட்டம்

கட்கி
3 நவம்பர் 2025

அன்புள்ள ஃபேபியோலா,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஆறு வருடம் ஆகிறது. தபால்காரரை பிளாக் செய்ய வழி இல்லை என்பதால் இந்தக் கடிதம். தமிழில் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரர் பிரித்தாலும் அவருக்கு இது ஜிலேபியாகத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயில் தமிழ் வகுப்பில் என்னைப் பார்த்துக் காப்பியடித்தே கற்றவள் நீ, உனக்கு மறந்திருக்காது.

நம் கட்கி பாரூத்துக்கு இந்த டிசம்பரில் பத்து வயது. தோட்டா ஃபேக்டரி வீட்டுப் பெண்கள் என்பதால் வெடிமருந்தின் பெயரையே டீமுக்கு வைத்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடும் பெண்களா என்று பஜாரில் நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள், இப்போது தங்கள் பெண்ணை டீமில் சேர்க்கச் சொல்லி என் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். நான்தான் கோச். கேட்சராகக் குனிந்து உட்கார்ந்தே முட்டி போய்விட்டது, வாய் மட்டும் மிச்சம். கோச்சுக்கு அது போதும்.

டீமை நடத்தும் ஆபிரகாம் சார் மைதானத்து மதிற்சுவரில் ஐந்து கட்டம் போட்டு, மறக்க முடியாத ஐந்து தருணங்களை வரையச் சொல்லியிருக்கிறார். முதல் கட்டம், பஸ் பாதி வழியில் நின்றுபோக, நாம் ஷேர் ரிக்ஷாவில் மடியில் மட்டையோடு போய் ஜெயித்த முதல் ஆட்டம். இரண்டாவது, ஆகுர்டியில் நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓட, அந்த நேரத்தில் நம் மில்ட்ரெட் ஹோம் பேஸைத் தொட்டு எடுத்த ரன். மூன்றாவது, மின்விளக்கு அணைந்து, ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் ஸ்கூட்டர் ஹெட்லைட்டைப் போட்டுக்கொடுக்க, அந்த வெளிச்சத்தில் நீ கடைசி ஆளை அவுட் ஆக்கியது. நான்காவது, போன வருடம் வாங்கிய கோப்பை.

ஐந்தாவதுதான் சிக்கல். 2019 ஃபைனலை வரைய வேண்டும் என்கிறார் சார். "ஜான்சி, தோத்ததையும் போடணும். ஊரே அதைத்தான் கேக்குது" என்கிறார். உன்னைக் கேட்காமல் தூரிகை படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை விழா. முதல் பந்தை நீ எறிய வேண்டும் என்பது டீமின் ஆசை.

என் ஆசையும்.

ஜான்சி


ஹடப்சர்
10 நவம்பர் 2025

ஜான்சி அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. வரைய வேண்டாம். வர மாட்டேன்.

நீங்கள் அனைவரும் நலமாக இருப்பதில் மகிழ்ச்சி.

ஃபேபியோலா


கட்கி
13 நவம்பர் 2025

அடியே ஃபேபி,

"நீங்கள்" என்றா எழுதுகிறாய்? பத்து வயதில் என் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்ற நாளிலிருந்து நீ என்னை ஒருமையில்தான் கூப்பிடுகிறாய். தண்டனைதான் என்று புரிகிறது. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் எதற்கு என்று சொல்லிவிட்டுத் தண்டி. ஃபைனல் பற்றிய லீக் விசாரணையில் என்னிடம் கேட்டார்கள், பந்து எங்கே வந்தது என்று. நான் கேட்ட இடத்துக்கு வரவில்லை, ஒரு முழம் உள்ளே, பேட்டர் பக்கம் வந்தது என்றேன். என் கண் கண்டதைச் சொன்னேன். கேட்சருக்கு முன்னால் நடப்பதைக் கேட்சரைத் தவிர யார் பார்ப்பார்கள்? நீ வேண்டுமென்று ப்ரீதியை அடித்தாய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவன் வாயை நான் அடைத்திருக்கிறேன், ஒருவனை மட்டையோடு துரத்தியும் இருக்கிறேன். அது உன் காதுக்கு வராது. வந்ததெல்லாம் மற்றது.

விழாவுக்கு அந்தக் காலத்து எதிர் டீம் பெண்களையும் சார் கூப்பிடுகிறார். ஃபைனல் ஆடிய மும்பை டீமே கலைந்துபோய்விட்டது, யார் வருவார்களோ. ப்ரீதி ஜாதவின் விலாசமும் எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. உனக்குத் தெரியாமல் நடந்தது என்று பிறகு சொல்லாதே. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஜான்சி


ஹடப்சர்
18 நவம்பர் 2025

அக்கா,

எதற்கு என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். தமிழ் எழுதி வெகு நாளாயிற்று, தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். இரண்டு பேர் அவுட், மூன்று பேஸிலும் ஆள். மட்டையோடு ப்ரீதி ஜாதவ். அன்று அவளை நான் மூன்று தடவை அவுட் ஆக்கியிருந்தேன். எனக்குக் கிட்டப்பார்வை, அந்தி வெளிச்சத்தில் உங்கள் விரல் சைகை தெரியாது. அதனால்தானே நம் வழக்கமே வந்தது. எல்லா கேட்சரும் விரலைக் காட்டுவார்கள், நீங்கள் மட்டும் தமிழில் கத்துவீர்கள். லீக்கில் எவளுக்குத் தமிழ் தெரியும் என்று சிரிப்போம். அன்றும் கத்தினீர்கள். "உள்ள போடுட்டி, உடம்ப ஒட்டிப் போடு! இவ கொண்டைய பாரு, மட்டைய விட அதுதான் பெருசு!"

நான் உள்ளே போட்டேன். நீங்கள் கேட்ட இடத்துக்குத்தான் போட்டேன். கையை விட்டுப் போகும்போதே பந்து எங்கே போகும் என்று பிட்சருக்குத் தெரியும். பிறகு அவள் விழுந்தாள். மண்ணில் ரத்தம். நான் இரண்டு சத்தம் கேட்டேன் அக்கா. ஒன்று மந்தமாக, ஒன்று கூர்மையாக. ஒரு பந்துக்கு எப்படி இரண்டு சத்தம் என்று விசாரணையில் சிரித்தார்கள். எழுதிக்கொள்ளவே இல்லை.

உலகம் என்ன சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை. அவள் மேல் கோபப்பட்டு முகத்தைப் பார்த்து எறிந்தேன் என்று பேப்பரில் போட்டான், போடட்டும். நீங்கள், சிறுவயதிலிருந்து என் பந்தைப் பிடித்த நீங்கள், "கேட்ட இடத்துக்கு வரவில்லை" என்று சொன்னபோது என் கையே எனக்குப் பொய் சொல்கிறது என்று ஆகிவிட்டது. அதன்பிறகு எந்தக் கையை நம்பி எறிவது?

அவளுக்கு ஒரு கண் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். நிஜமா என்று விசாரிக்கத் தைரியம் வரவில்லை. நிஜம் என்று யாராவது சொல்லிவிட்டால்? எங்கள் வீடு மூன்றாவது மாடி. என் வீட்டுக்காரர் சாவியை மறந்துவிட்டுக் கீழே நின்று கூப்பிடுவார். பால்கனியிலிருந்து போடு என்பார். நான் லிஃப்டில் இறங்கிப் போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவேன். ஆறு வருடமாக ஒரு சாவிக்கொத்தைக்கூட நான் எறிந்ததில்லை. சோம்பல் இல்லாத பெண்டாட்டி என்று அவர் தன் அம்மாவிடம் பெருமை பேசுகிறார்.

இதைச் சுவரில் வரையப் போகிறீர்களா?

ஃபேபியோலா


கட்கி
24 நவம்பர் 2025

ஃபேபி,

முதலில் உட்கார். தண்ணீர் குடி. இப்போது படி.

கண் இருக்கிறது. இரண்டும் இருக்கிறது. நானே பார்த்தேன், கை நீட்டும் தூரத்தில். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாள், ஆனால் அது உன்னைப்போல் பிறவிப் பார்வைக்குறை. கன்ன எலும்பு உடைந்தது, கூடிவிட்டது. பன்வேலில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணம் ஆகி நன்றாக இருக்கிறாள். உன் மேல் கோபம் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அவள் மைதானத்துக்கு வந்தாள். சார் அழைப்பை அனுப்பியிருந்தார் அல்லவா, விழாவுக்கு முன்னால் சுவரைப் பார்க்க ஆசைப்பட்டாளாம். சார் அவளோடு மராத்தியில் பேசிக்கொண்டிருந்தார். நானும் நம் மைதானத்து ஆரோக்கியசாமி அண்ணனும் கொஞ்சம் தள்ளி, பக்கெட்டில் சுண்ணாம்பைக் கலக்கிக்கொண்டு நின்றோம். அண்ணன் வாய் உனக்குத் தெரியுமே.

"இந்தப் பிள்ளதானட்டி, நம்ம ஃபேபிகிட்ட அடி வாங்குனது? கண்ணு போச்சுன்னாவ. ரெண்டு கண்ணும் இருக்கே. கன்னத்துல தழும்பு தெரியுதா பாரு."

"ஒண்ணும் தெரியலண்ணே. பவுடர அப்பியிருக்கா. அந்தக் கொண்ட மட்டும் அப்படியே இருக்கு பாருங்க."

அவள் திரும்பினாள். நிதானமாக எங்கள் பக்கம் நடந்து வந்தாள். இடது கன்னத்தைக் காட்டி, "தழும்பு இந்தப் பக்கம்ண்ணே. பவுடர் போடல. கொண்டையப் பத்தி இவங்க அன்னைக்குச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

சுத்தத் தமிழ், ஃபேபி! நம் ஊர்த் தமிழ்! அண்ணன் கையிலிருந்த குச்சி பக்கெட்டுக்குள் விழுந்துவிட்டது. என் கதையைக் கேட்காதே. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

அவள் அப்பாதான் ஜாதவ். அம்மா லலிதா, தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரி. முதுகில் ஜாதவ் என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவளுக்கு முன்னாலேயே நான் சமையலறையில் பேசுவது மாதிரி வருடக்கணக்காகக் கத்தியிருக்கிறேன். உள்ளே, வெளியே, மெதுவா, வளைச்சு, எல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டேன், "பிறகு ஏன் உன்னால் ஃபேபி பந்தை அடிக்க முடியவில்லை?" அதற்கு அவள், "தெரிஞ்சு என்ன செய்ய? அந்த அக்கா பந்து வாரது தெரியும், அடிக்கத்தான் முடியாது" என்றாள். இதை நீ ஃப்ரேம் போட்டு மாட்டலாம்.

இனி விஷயம். அந்தக் கடைசிப் பந்தில் நான் "உள்ள போடு, உடம்ப ஒட்டிப் போடு" என்று கத்தியது அவளுக்குக் கேட்டது. மூன்று முறை அவுட். ஸ்டாண்டில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். மட்டையால் உன்னிடம் ஒன்றும் நடக்காது என்று தெரிந்துவிட்டது. மூன்று பேஸும் நிரம்பியிருக்கும்போது பந்து பேட்டர் மேல் பட்டால் ஒரு ரன் தானாக வந்துவிடும், அதோடு கோப்பையும். அதனால் உடம்பை ஒட்டி வரும் பந்துக்குத் தோளைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள். நீ கையை விட்டதும் உள்பக்கமாகச் சாய்ந்தாள். பந்து முதலில் தோளில் பட்டது. பட்டு எகிறிக் கன்னத்தில் அடித்தது.

தோளில் மந்தமாக ஒன்று. எலும்பில் கூர்மையாக ஒன்று. இரண்டு சத்தம், ஃபேபி.

நான் அதை அவளிடம் கேட்கக்கூட இல்லை. அவளே சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபிரகாம் சார் முன்னாலேயே அழுதேன். என் கண்ணுக்கு முன்னால் பந்து ஒரு முழம் உள்ளே போனதாகத் தெரிந்தது. பந்து போகவில்லை. அவள் வந்தாள். பந்து என் கையுறைக்கு வருவதற்குள் அவள் குறுக்கே வந்துவிட்டாள். நானும் பொய் சொல்லவில்லை, நீயும் பொய் சொல்லவில்லை. இந்த நிம்மதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நேற்றிலிருந்து அலைகிறேன்.

வேண்டுமென்று உடம்பைக் கொடுத்தால் அந்த ரன் செல்லாது. ஆனால் கன்னம் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவளால் வாயைத் திறக்க முடியவில்லை. திறக்க முடிந்தபோது டீம் கோப்பையோடு ஊர்வலம் போய்க்கொண்டிருந்ததாம். சொன்னால் கூட்டாளிகளின் கோப்பை போகும். பிறகு டீமே போய்விட்டது. நீ ஆட்டத்தை விட்டுவிட்டாய் என்பதே அவளுக்கு நேற்றுத்தான் தெரியும். கேட்டதும் அவள் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். நேரில் பார்.

சார் மட்டும் கணக்கில் கண்ணாக, "அப்ப அந்தக் கோப்பை நமக்குத்தானே?" என்றார். "அதுல எங்க கேப்டன் வீட்டுல குட சொருகி வச்சிருக்காங்க சார், வேணும்னா குடையோட வாங்கித் தரேன்" என்றாள் ப்ரீதி. நல்ல பெண்தான், ஃபேபி. கொண்டைகூடப் பக்கத்தில் பார்த்தால் அவ்வளவு பெரிது இல்லை.

ஜான்சி


ஹடப்சர்
28 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதத்தை எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடமிருந்து வாங்கி, ஆபீஸ் போகும் ரிக்ஷாவில் வைத்துப் படித்தேன். "கண் இருக்கிறது" என்ற வரியோடு நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. ரிக்ஷாக்காரர் பயந்துபோய் ஓரமாக நிறுத்தி, "காய் ஜாலா தாயி, கோணி கேலே கா?" என்றார், யாராவது போய்விட்டார்களா என்று. இல்லை, யாரும் போகவில்லை, எல்லாரும் இருக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். பாவம், அவர் மீட்டரை அணைத்துவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

மீதியை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு சத்தம் என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அவள் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். நியாயமாகப் பார்த்தால் ஆறு வருடக் கோபம் வர வேண்டும். தேடிப் பார்த்தேன், கொஞ்சம்தான் இருக்கிறது. அதையும் விழாவன்று அவளைப் பார்க்கும்போது கொட்டிவிடுவேன், மிச்சம் வைக்க மாட்டேன். உன் மேல் இருந்த கோபம்தான் பெரிது. அதை இப்போது எங்கே இறக்கி வைப்பது? நீ பார்த்ததைச் சொன்னாய். நான் எறிந்ததைச் சொன்னேன். நடுவில் ஒருத்தி சாய்ந்தாள். இவ்வளவுதானா அக்கா? இதற்கா நீ என் கல்யாணத்துக்கு வராமல் போனாய்? நான் கூப்பிடவில்லை என்று சொல்லாதே. கூப்பிடாமல் வந்திருக்க வேண்டும்.

நேற்று மாலை என் வீட்டுக்காரர் கீழே நின்று சாவி கேட்டார். லிஃப்ட் பக்கம் நடந்தவள் பால்கனிக்குத் திரும்பினேன். "கையை நீட்டி வையுங்கள், அசைக்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போட்டேன். உள்ளங்கையில் போய் விழுந்தது. அவர் அசையவே இல்லை. மேலே வந்து, "இதை முதலிலேயே செய்திருக்கலாமே, எத்தனை முறை வீணாக இறங்கி வந்தாய்" என்கிறார். பெருமை போச்சு.

வருகிறேன். ஆனால் சும்மா ரிப்பன் கட்டிய பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கைதட்டு வாங்க மாட்டேன். ப்ரீதி மட்டையோடு நிற்க வேண்டும், ஹெல்மெட்டோடு. நீ குனிந்து உட்கார வேண்டும். முட்டி போய்விட்டது என்ற கதை வேண்டாம். அன்று கேட்ட அதே பந்தைக் கேள். தமிழிலேயே கத்து. அவளுக்கும் கேட்கட்டும், அவள் ஒதுங்கிக்கொள்வாள்.

ஐந்தாவது கட்டத்தில் என்ன வரைவது என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன். அதுவரை வெறும் வெள்ளையாக இருக்கட்டும்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் அழைக்காதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன், ஆபீஸில் மானம் போகும்.

ஃபேபி


கட்கி
8 டிசம்பர் 2025

என் ஃபேபிக்கு,

நேற்றுத்தான் பார்த்தோம், பிரியாணி தின்றோம், ப்ரீதியை நீ மூலையில் நிறுத்தி வைத்துத் திட்டி முடித்து, கட்டியும் பிடித்தாய். பிறகு எதற்குக் கடிதம் என்பாய். போனும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் விசாரணையில் நான் சொன்னதை அன்று எழுத்தில் வாங்கிக்கொண்டார்கள். அதனால் இதையும் எழுத்தில் கொடுக்கிறேன்.

உட்கார்ந்தபோது முட்டி எழுப்பிய சத்தம் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். முகமூடிக்குள்ளிருந்து உன்னைப் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாய். ஆறு வருடம் முன்னாலேயே போட்டிருந்தால் நான் கத்த வேண்டியே இருந்திருக்காது என்று வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ப்ரீதி மட்டையைத் தூக்கிக்கொண்டு, உதடு அசையாமல், "அக்கா, இப்ப கொண்டையப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" என்றாள். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. உன் கை ஆடினால்? மறுபடி அவள் விழுந்தால்? கையுறையை அவள் இடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கிருந்து கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்திவிடலாமா என்று நினைத்தேன். நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன்.

கத்தினேன். "உள்ள போடுட்டி! உடம்ப ஒட்டிப் போடு!"

ஸ்டாண்டில் லலிதா அம்மா எழுந்து நின்று, "ப்ரீதி, ஒதுங்கு!" என்று தமிழிலேயே அலறியது உனக்குக் கேட்டிருக்கும். ப்ரீதி ஒரு எட்டு பின்னால் வைத்தாள். பந்து வந்தது. ஒரே ஒரு சத்தம், என் கையுறைக்குள். உள்ளங்கை இன்றைக்கும் சிவந்திருக்கிறது. ஆறு வருடம் சாவிகூட எறியாதவள் கையா அது!

காலையில் ஓவியர் வந்து ஐந்தாவது கட்டத்துக்கு என்ன என்று கேட்டார். நீ நேற்று ரிக்ஷா ஏறும்போது சொன்னதையே சொன்னேன். நடுவில் பந்து. ஒரு பக்கம் ப்ரீதி ஒதுங்கி நிற்கிறாள், கொண்டையோடு. கீழே நான், முகமூடிக்குள் வாய் திறந்தபடி. ஆளுயரத்துக்கு வாயை வரையத் தேவையில்லை, சாதாரண அளவு போதும் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். நீ எங்கே என்று அவர் கேட்டார். அவள் படத்தில் இருக்க மாட்டாளாம், படத்தை அவள் நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டுமாம் என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றார் ஆபிரகாம் சார். மராத்தியிலா, ஹிந்தியிலா என்று கேட்டார். தமிழில் என்றேன். யாருக்குச் சார் தமிழ் தெரியப்போகிறது என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன், அந்தத் தப்பை ஒரு தடவை செய்தது போதும். கட்டம் உயரத்தில் இருந்தது, முட்டி வலித்தது, ஆரோக்கியசாமி அண்ணன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நானே ஏறி, என் கையாலேயே எழுதினேன்.

"நான் கேட்ட இடத்துக்கே பந்து வந்தது. கேட்சர் ஜான்சி."

வந்து பார்.

ஜான்சி